பாதி முடிந்த ஆய்வோடு கருத்தரங்கில் பேசலாமா?

கேள்வி: பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது இரண்டாம் ஆண்டு. எங்கள் துறையில் ஆய்வு மாணவர்களே வாரம் ஒருமுறை ஒரு கருத்தரங்கு நடத்துகிறார்கள். பேராசிரியர்கள் வருவதில்லை. ஒரு வருடமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிறேன். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இப்போது அடுத்த மாதம் என்னைப் பேசச் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய வாரம் இன்னொரு மாணவரின் கட்டுரைக்கு நான் கருத்துரை வழங்க வேண்டுமாம். பள்ளி மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுத்தால் அவர்கள் வேலைக்குப் போகும் வயது தள்ளிப்போகிறதா என்பது என் ஆய்வு. திட்டம் வெவ்வேறு மாவட்டங்களில் வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கியது. அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். கையில் இருப்பது தரவும் ஒரே ஓர் அட்டவணையும். "முடித்துவிட்டுப் பேசு, இப்போது என்ன அவசரம்?" என்கிறார் என் நெறியாளர். சீனியர்கள் பேச்சாளரைப் பாதியில் நிறுத்திக் கேள்வி கேட்பதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. யாராவது என் யோசனையை எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலையும் உண்டு. ஒத்துக்கொள்ளட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத ஆய்வு மாணவி

பதில்: ஒத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே பதில் எழுதிவிடுங்கள். ஒரே ஓர் அட்டவணைதான் இருக்கிறது என்பதைத் தடையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் இப்போதே பேச வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

நாற்பது பக்கம், பத்து அட்டவணை, மூன்று வருட உழைப்பு எல்லாம் சேர்ந்த பிறகு ஒருவர் எழுந்து "உங்கள் ஒப்பீட்டுக் குழுவே சரியில்லையே" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? ஏதாவது பதில் சொல்லிக் கட்டுரையைக் காப்பாற்றத்தான் பார்ப்பீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான். அதே கேள்வி அடுத்த மாதம் வந்தால், வீட்டுக்குப் போய் ஒப்பீட்டுக் குழுவை மாற்றிப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. துறைக் கருத்தரங்கில், மாநாட்டில், வேலைக்கான பேச்சில் எல்லாம் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டியவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்களே நடத்தும் அறையில் யாருக்கும் அந்த வேலை இல்லை. உங்களுக்கு வேலை கொடுக்கப்போகிறவரும் இல்லை, சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறவரும் இல்லை. இப்படி ஓர் அறை ஆய்வுக் காலம் முடிந்த பிறகு அநேகமாகக் கிடைக்காது.

உங்கள் நெறியாளர் சொல்வதில் அக்கறை இருக்கிறது. அரைகுறையான முடிவு வெளியே போய் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று நினைக்கிறார். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். பேராசிரியர்கள் இல்லாத உள்வட்டம் அது, தலைப்பிலேயே 'ஆரம்ப நிலை முடிவுகள்' என்று போடப்போகிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் அவரிடமே கேளுங்கள்: "இந்த ஆய்வில் உங்களுக்கு நம்பிக்கை குறைவான இடம் எது? அதை அங்கே சோதித்துப் பார்க்கிறேன்." பெரும்பாலான நெறியாளர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் உங்கள் பேச்சுக்கும் பயன்படும்.

சரி, இனி பேச்சுக்கு வருவோம். பல துறைகளில் பேச்சு முடிந்த பிறகுதான் கேள்வி. பொருளியலில் நடுவிலேயே கேட்பார்கள், அது இந்தத் துறையின் பழக்கம். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திட்டமிடும்போது மறக்கக் கூடாது. ஒரு மணி நேரப் பேச்சில் உங்களுக்குச் சொந்தமான நேரம் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அறிமுகம், பிறகு முன்னாய்வுகள், பிறகு கோட்பாடு, பிறகு தரவு, கடைசியில் முடிவு என்று கட்டுரை வரிசையில் போனால், முடிவுக்கு வருவதற்குள் அடுத்த வகுப்புக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். எனவே கேள்வி, ஒப்பீடு, கிடைத்த விடை மூன்றையும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

எப்படிச் சுருக்குவது என்பதற்குப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு நல்ல மாதிரி. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்திலிருக்கும் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில் உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று பெரும்பாலும் தொலைபேசியில் விசாரித்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கான அறிகுறி கிடைக்கவில்லை. நாலு வாக்கியம்தான். இதைக் கேட்டதுமே உங்களுக்குள் சில கேள்விகள் எழுந்திருக்கும்: பென்சில்வேனியாவோடு ஒப்பிடுவது சரியா? தொலைபேசியில் கேட்டு வாங்கிய எண்ணிக்கையை நம்பலாமா? பிறகு நடந்த விவாதமும் இதே இடங்களைச் சுற்றித்தான். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவுகளை வைத்து 2000இல் பதில் எழுதினார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆய்வைத் தெளிவாக விரித்து வைத்தால் கேள்வியும் சரியான இடத்தில் வந்து விழும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். மங்கலாக வைத்தால் முதல் அரை மணி நேரம் "இந்த மாறி என்றால் என்ன?" என்பதிலேயே போய்விடும்.

இந்த நாலு வாக்கியத்தை உங்கள் ஆய்வுக்கு எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் எது இன்னும் தெளிவாகவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். தரவு பற்றிச் சொல்லும்போது ஒரே ஒரு கேள்விக்குத் தவறாமல் பதில் சொல்லுங்கள்: உங்கள் தரவுக் கோப்பில் ஒரு வரிசை என்பது யார் அல்லது எது? ஒரு மாணவியா, ஒரு குடும்பமா, ஓர் ஆண்டில் ஒரு மாவட்டமா? அறையில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இதைச் சொல்லாமல் விடுவதால் வருவதுதான்.

ஸ்லைடுகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னாய்வுகளுக்கு ஒரே ஒரு ஸ்லைடு போதும். அட்டவணையைக் கட்டுரையிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். வேண்டிய இரண்டு நெடுவரிசைகளை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். சமன்பாட்டைக் காட்டினால் ஒவ்வொரு குறியீட்டையும் வாயால் சொல்லுங்கள்.

உங்கள் ஆய்வு எனக்கு நெருக்கமான வகை என்பதால், என்னென்ன கேள்வி வரும் என்று ஓரளவு சொல்ல முடியும். முதலில், சில மாவட்டங்களில் திட்டம் ஏன் முன்னதாகத் தொடங்கியது என்று கேட்பார்கள். படிப்பில் பின்தங்கிய மாவட்டம் என்பதாலா, செல்வாக்குள்ள பிரதிநிதி இருந்ததாலா? அந்தக் காரணமே மாணவிகள் வேலைக்குப் போகும் வயதையும் பாதித்திருக்கலாம் அல்லவா? இதற்குப் பதில் திட்ட ஆவணங்களில் கிடைக்கும், ரெக்ரெஷன் என்ற புள்ளியியல் கணக்கில் கிடைக்காது. இந்த மாதத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் அந்த ஆவணங்களைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது, திட்டம் வருவதற்கு முன்னால் இரண்டு வகை மாவட்டங்களும் ஒரே போக்கில் போய்க்கொண்டிருந்தனவா என்பது. இதற்கு ஒரு கோட்டு வரைபடம் தயாராக இருக்கட்டும். அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை, காட்டுங்கள்.

மூன்றாவது கேள்வியைப் புது ஆய்வுகளைப் படிக்கும் சீனியர் யாராவது கேட்பார். வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கிய திட்டத்தை மாவட்டம், ஆண்டு இரண்டுக்கும் நிலைவிளைவு (fixed effect, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் உரிய பொதுவான வேறுபாட்டை நீக்கும் ஏற்பாடு) போட்டு வழக்கமான முறையில் மதிப்பிட்டால், முன்னதாகவே திட்டம் பெற்ற மாவட்டங்களும் சில ஒப்பீடுகளில் 'திட்டம் இல்லாத' குழுவின் இடத்தில் வந்து நிற்கும். திட்டத்தின் பலன் வருடத்துக்கு வருடம் மாறினால், கிடைக்கும் மதிப்பீடு தவறான பக்கம் சாயலாம். ஆண்ட்ரூ குட்மேன்-பேக்கன் 2021இல் வெளியான கட்டுரையில் இதை விரித்துக் காட்டியிருக்கிறார். இதைச் சரிசெய்யும் முறைகளும் இப்போது இருக்கின்றன. நீங்கள் இன்னும் அவற்றைப் போட்டுப் பார்க்கவில்லை என்றால், அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, திட்டப்பிழையை (standard error, மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) எந்த மட்டத்தில் கிளஸ்டர் செய்தீர்கள், அதாவது எந்த அளவில் குழுவாகச் சேர்த்துக் கணக்கிட்டீர்கள் என்ற கேள்வி. மரியான் பெர்ட்ராண்ட், எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கவே நடக்காத சட்டங்களைக் கற்பனையாக மாநிலங்களுக்கு ஒதுக்கி, வழக்கமான முறையில் கணக்குப் போட்டார்கள். தற்செயலான தவறுக்கு 5 சதவீதம் மட்டுமே இடம் கொடுக்கும் அளவுகோலில் 'விளைவு உண்டு' என்ற முடிவு நூற்றுக்கு ஐந்து முறைதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ நூற்றுக்கு 45 முறை வரை. ஒரே இடத்தின் அடுத்தடுத்த ஆண்டுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைக் கணக்கில் எடுக்காததுதான் காரணம். உங்கள் தரவும் அதே வடிவம்தான். மாவட்ட அளவில் கிளஸ்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி வரும்போது என்ன செய்வது? முதலில், உங்கள் நண்பர் ஒருவரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே எழுத முடியாது, பேச்சு முடிந்ததும் பாதிக் கேள்வி மறந்துபோகும். புரியாத கேள்வியைத் திருப்பிச் சொல்லி "இதைத்தான் கேட்கிறீர்களா?" என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடை தெரியாத இடத்தில் "அதைப் பார்க்கவில்லை, குறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி மேலே போங்கள். மாணவர் கருத்தரங்கில் இந்த ஒரு வாக்கியம் போல மதிப்பு சேர்ப்பது வேறில்லை. அந்த நிமிடத்தில் தோன்றிய பதிலை உறுதியாகச் சொல்லிவிட்டு அடுத்த பத்து நிமிடம் அதைக் காப்பாற்றப் போராடுவதுதான் பேச்சைக் கெடுக்கும்.

நடுவில் நிறுத்துவது பற்றிய உங்கள் பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்கலீன் டுபாவும் சக ஆய்வாளர்களும் நூற்றுக்கணக்கான பொருளியல் கருத்தரங்குகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து 2021இல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். பெண் பேச்சாளர்களிடம் ஆண்களைவிட அதிகக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. அவற்றில் மேட்டிமைத்தனமாகவோ பகையோடோ கேட்கப்படுபவையும் அதிகம் என்பது அதில் தெரிந்தது. அறையில் உங்களுக்குத் தோன்றியது உங்கள் கூச்சம் மட்டும் அல்ல. நல்ல வேளையாக, மாணவர்களே நடத்துவதால் விதியை மாற்றவும் மாணவர்களால் முடியும். முதல் பத்து நிமிடம் விளக்கம் கேட்கும் கேள்விகள் மட்டும், அதற்குப் பிறகு எதுவும் கேட்கலாம் என்று வைக்கச் சொல்லுங்கள். கை தூக்குகிறவர்களை வரிசையாக அழைக்கவும், ஒரே விஷயத்தை மூன்றாவது முறை கேட்பவரை "பேச்சுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று நிறுத்தவும் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். உங்களுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை, எல்லாப் பேச்சாளருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள். தயங்காமல் கேளுங்கள்.

இனி, நீங்கள் கேள்வியாகவே வைக்காத ஒன்றைப் பற்றி. ஒரு வருடமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அறையில் உங்களுக்குப் பாதி இடம்தான் கிடைத்திருக்கிறது. கேட்கத் தோன்றியதெல்லாம் ரொம்பச் சின்னக் கேள்வி என்று விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சின்னக் கேள்வியின் கதையைச் சொல்கிறேன்.

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய ஆண்டுகளில் சராசரி வளர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 சதவீதம் என்று அது காட்டியது. அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் பல நாடுகளில் அதை எடுத்துக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், ஒரு பாடத்துக்கான பயிற்சியாக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டார், அவர்களும் அனுப்பினார்கள். சராசரி எடுத்த சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன: ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். ஆங்கில அகரவரிசையில் பட்டியலின் தலையில் இருக்கும் நாடுகள். சில ஆண்டுகளின் தரவைச் சேர்க்காமல் விட்டது, நாடுகளுக்கு எடை கொடுத்த விதம் ஆகியவற்றையும் சேர்த்துத் திருத்தியபோது சராசரி 2.2 சதவீதமாக வந்தது. 2013இல் தன் பேராசிரியர்களான மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொலின் இருவரோடும் சேர்ந்து அதை வெளியிட்டார். எக்செல் பிழையை ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள். கடன் அதிகமானால் வளர்ச்சி குறைகிறது என்ற தங்கள் பொதுவான கருத்தை விடவில்லை. அந்த விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். "இந்தச் சராசரியில் எத்தனை நாடுகள் இருக்கின்றன?" என்று கேட்க யாருக்கும் சீனியர் அந்தஸ்து தேவையில்லை. உங்கள் கருத்தரங்கில் ஒவ்வொரு வாரமும் இதைக் கேட்கலாம்: இரண்டாம் அட்டவணையில் ஆட்களின் எண்ணிக்கை முதல் அட்டவணையைவிட ஏன் குறைந்துவிட்டது? விடுபட்டவர்கள் யார்?

பேசுவதற்கு முந்தைய வாரமே கருத்துரை தரும் பொறுப்பு வந்திருப்பது உங்களுக்கு நல்லதுதான். கட்டுரையை இரண்டு முறை படியுங்கள். கருத்துரையைத் தொடங்கும்போது, கட்டுரை சொல்வதை மூன்று வாக்கியத்தில் உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள். எழுதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது, தான் நினைத்தது படித்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவருக்கு வேறு எப்படியும் தெரியாது. பிறகு ஒரே ஒரு பெரிய சந்தேகம், அதற்கு என்ன செய்து பார்க்கலாம் என்ற யோசனையோடு. எழுத்துப் பிழை, அட்டவணைத் தலைப்பு போன்றவற்றை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கருத்துரை தருபவர் கட்டுரையில் குறை தேடும் ஆள் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அது உடன்பாடில்லை. அந்த ஆய்வு நன்றாக வர வேண்டும் என்று எழுதியவருக்கு அடுத்தபடியாக விரும்ப வேண்டியவர் அவர்.

யோசனை திருட்டுப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இத்தனை நாள் உட்கார்ந்து சுத்தம் செய்த தரவு உங்களிடம்தான் இருக்கிறது. தலைப்பும் சுருக்கமும் தேதியோடு கருத்தரங்கு அறிவிப்பில் போய்விடும். இந்தத் தலைப்பில் நீங்கள் வேலை செய்வது இருபது பேருக்குத் தெரிந்திருப்பது உங்களுக்குப் பாதுகாப்புதான். நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. உதவித்தொகைத் தரவு ஏதாவது ஒப்பந்தத்தின் பேரில் வாங்கியதா? அப்படியென்றால், தனி ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய எதுவும், மிகச் சிலரே உள்ள அட்டவணைக் கட்டங்கள் உட்பட, திரையில் வரக் கூடாது. ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படியுங்கள். கூட்டாக எழுதுகிறீர்கள் என்றால், மற்றவரின் சம்மதத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பேச்சு முடிந்த அன்று மாலையே நண்பர் எடுத்த குறிப்பை வாங்கிப் படித்து, எந்தக் கேள்வியை யார் கேட்டார் என்று எழுதி வையுங்கள். ஓரிரு வாரத்தில், கேள்வி கேட்டவர்களுக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: நீங்கள் கேட்டதைப் போட்டுப் பார்த்தேன், இப்படி வந்தது. இதைச் செய்பவர்கள் குறைவு. செய்பவர்களின் அடுத்த பேச்சுக்கு ஆட்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வருவார்கள்.

அமைப்பாளர்களுக்கு எழுதும் பதிலில் தலைப்பு, நாலைந்து வரிச் சுருக்கம், 'ஆரம்ப நிலை' என்ற குறிப்பு, இவற்றோடு இன்னும் ஒரு வரி சேருங்கள்: "மாவட்டங்கள் தேர்வான விதம் என் ஒப்பீட்டைப் பாதிக்கிறதா என்பதில் உங்கள் உதவி வேண்டும்." வருகிறவர்கள் அதை யோசித்துக்கொண்டே வருவார்கள். ஒரு மணி நேரம் அதிகமாகத் தெரிந்தால் அரை மணி நேரம் கேளுங்கள், மீதி நேரத்துக்கு உங்களைப் போலவே தயங்கும் இன்னொரு இரண்டாம் ஆண்டு மாணவரின் பெயரையும் சொல்லுங்கள்.